தகட்டுக்குப் பின்னால்

காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற சிறு வீட்டை அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, மடக்கு மேஜை எல்லாம் இரண்டு சக்கரங்களின் மேல். அறுபது வருஷத்துப் பழைய டிரெய்லர்களைத் தேடிப் பிடித்து, பிரித்துப் போட்டு, பழுது பார்த்து மறுபடி ரோட்டில் விடுவது இங்கே பலருக்கு ஒரு பித்து. 2022லிருந்து இரண்டு கோடைகளும் நடுவில் ஒரு குளிர்காலமும் அந்தப் பித்து எனக்கும் இருந்தது. வேலை முறையை விளக்குவது என் நோக்கமல்ல. வேலையின்போது மரமும் தகடும் எழுப்பிய ஒரு கேள்விதான் இதை எழுத வைக்கிறது. பழையதைப் புதுப்பிக்கிறோம் என்கிறபோது எந்தப் பழையதை, யாருடைய பழையதை?

மரபு குறித்து நம்மிடையே நிறையப் பேச்சு நடந்திருக்கிறது. பேச்சில் மரபுக்கு எடை கிடையாது. எவரும் எளிதில் தூக்கலாம், போடலாம். ஒரு சட்டத்தைக் கையில் எடுக்கிறபோது அதன் பாதி கெட்டியாகவும் மீதி பொடியாகவும் இருந்தால் என்ன செய்வது என்பது வேறு மாதிரியான பிரச்னை. அங்கே கோட்பாடு உதவாது. அறுக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறித்தாக வேண்டும்.

டிரெய்லர் என் பக்கத்து வீட்டுக்காரருடையது. நான் வசிப்பது இண்டியானா மாநிலத்தின் வடபகுதியில். இங்கிருந்து சிறிது தூரத்தில் இருக்கிற எல்க்ஹார்ட் ஊரைச் சுற்றித்தான் இந்தத் தொழிலே பெருகியது. இன்றும் அதன் தலைநகர் என்று சொல்லிக்கொள்ளும் ஊர் அது. பக்கத்து வீட்டுக்காரர் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா 1961ல் வாங்கிய டிரெய்லர். பதின்மூன்று அடி நீளம். செய்த பட்டறை என்றைக்கோ மூடப்பட்டுவிட்டது, பெயர்த்தகடும் மிஞ்சவில்லை. பக்கவாட்டில் பார்த்தால் டப்பாவில் அடைத்து விற்கும் பன்றி இறைச்சியின் வடிவம். அந்த வகை டிரெய்லர்களுக்கு இங்கே பெயரும் அதுதான்.

இவற்றின் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரோடு கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றியவர்கள் 1919ல் ஃபுளோரிடாவின் டாம்ப்பாவில் கூடி, தகரக் குவளைப் பயணிகள் என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் சொந்தக் காரும் சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தன. 1956ல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் நெடுஞ்சாலைக்கு வழி செய்தது. பக்கத்து வீட்டுக்காரரின் அப்பா கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் ஒரு வீட்டை இழுத்துக்கொண்டு மலைக்குப் போக முடிந்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இந்த டிரெய்லரின் சுவர் மிக எளிமையானது. உள்ளே மெல்லிய பர்ச் ப்ளைவுட். வெளியே அதைவிட மெல்லிய அலுமினியத் தகடு. இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குலம்கூட இல்லாத இடைவெளியில் ஒல்லியான மரச்சட்டங்கள், கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. தகடுகள் சேரும் மூலைகளில் ஒரு விளிம்புப் பட்டை. அதன் அடியில் புட்டி. கோளாறு முழுதும் அந்தப் புட்டியில். வெயிலிலும் பனியிலும் அது காய்ந்து சுருங்குகிறது. தலைமுடி அளவு விரிசல் போதும். தண்ணீர் உள்ளே போய்ச் சட்டத்தின் வழியே இறங்கித் தரையோரம் தங்குகிறது. அலுமினியம் துருப்பிடிப்பதில்லை. எனவே வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே ஜன்னலுக்குக் கீழே ஒரு கறுப்புக் கறை, அவ்வளவுதான். தகட்டைக் கழற்றியபோது பின்பக்க மூலையில் சட்டம் என்று ஒன்று இல்லை. சட்டம் இருந்த இடத்தில் அதே வடிவில் ஈரமான தூள் இருந்தது. திருகாணிகள் அந்தத் தூளைப் பிடித்துக்கொண்டிருந்தன. இந்தத் தோற்றத்தில் அது எத்தனை வருஷம் நின்றிருக்கும்!

பிரித்த பிறகு செய்வது என்ன? வழக்கமான முறை, உளுத்த சட்டத்தையே அச்சாகப் புது மரத்தின் மேல் கிடத்தி, சுற்றிக் கோடு போட்டு, அறுத்து, பழையதைக் குப்பையில் போடுவது. பழைய ப்ளைவுட்டும் அப்படியே. கடைசியில் தகடும் ஜன்னல்களும் இரும்புச் சேஸிஸும் மட்டும் பழையவை, மற்றதெல்லாம் புதியவை. பலகை பலகையாக மாற்றப்பட்ட தீஸியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் கேட்டது ஞாபகம் வரும். தச்சருக்கு அந்தச் சந்தேகம் இல்லை. சட்டம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஆனால் பார்வைக்கு அப்பா காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்றார். எனக்கு வேறு அபிப்பிராயம். கெட்டியாக இருக்கிற மரத்தை விடவேண்டாம், கெட்ட பாகத்தை மட்டும் சாய்வாக அறுத்துப் புது மரத்தை ஒட்டலாம் என்றேன். இரட்டிப்பு வேலை அது. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, ரம்பத்தைத் தீட்டப் போனார்.

பழையதைக் காப்பாற்ற வேறு வழிகளும் உண்டு. 1960ல் ஸ்டைன்பெக் தன் நாய் சார்லியோடு அமெரிக்காவைச் சுற்றிவந்த வண்டி இன்று கலிஃபோர்னியாவில் சலீனாஸ் ஊர்க் காட்சிச்சாலையில் நிற்கிறது. அது டிரெய்லர் அல்ல, டிரக்கின் முதுகில் பொருத்திய அறை. டான் கிஹோட்டேயின் குதிரைப் பெயரை அதற்கு வைத்திருந்தார். நன்றாகப் பாதுகாக்கிறார்கள். ஆனால் வண்டி நகராது. இன்னொரு வழி நகல். ஷாஸ்டா கம்பெனி 1961ம் வருஷத்து ஏர்ஃப்ளைட் மாடலை, பின்னால் ஒட்டிய சிறகுகள் உட்பட, 2015ல் மறுபடி செய்து விற்றது. கம்பெனி பிறந்த வருஷத்தை நினைவுகூர்ந்து எண்ணிக்கை 1,941. வடிவம் பழசு, வயது பூஜ்யம். மூன்றாவது வழி மெருகு. ஏர்ஸ்ட்ரீம் என்ற வெள்ளி நிற டிரெய்லர்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பழைய ஏர்ஸ்ட்ரீம்களை வாங்குகிறவர்கள் மாதக்கணக்கில் தேய்த்து முகம் பார்க்கும் கண்ணாடி ஆக்குகிறார்கள். 1960களில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தபோது அவை அப்படி மின்னவில்லை. தகட்டின் இயல்பான மங்கலோடு வந்தன. ஆக, பழமை என்ற பெயரில் அங்கே பளபளப்பது நம் காலத்து ஆசை. இந்த மூன்று வழிகளும் இலக்கியத்திலும் கலையிலும் எனக்குப் பரிச்சயமானவை. பெயர் சொல்லத் தேவையில்லை.

தச்சருக்கும் எனக்கும் உண்மையான வேறுபாடு மரத்தில் இல்லை. அது வேறு ஒரு மாலையில் வெளிப்பட்டது. 1961ல் அவருக்கு வயது பதினொன்று. கோடையில் ஸ்மோக்கி மலைக்குப் போவார்களாம். ஐஸ்கட்டி வைக்கும் பெட்டி, காஸ் விளக்கின் சத்தம், அம்மா பொரிக்கும் முட்டை என்று சொல்லிக்கொண்டே போனார். அந்த முகாம்களில் கறுப்பர் குடும்பங்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டேன். வெகு நேரம் யோசித்தார். பார்த்ததாக ஞாபகம் இல்லை என்றார். பிறகு, பார்க்கவில்லை என்பதே அப்போது கண்ணில் படவில்லை என்றார். நான் மதித்த பதில் அது.

அந்தக் காலத்து ரோட்டைப் பற்றி இன்று தெரியாத விஷயம் எதுவும் இல்லை. எந்த ஓட்டலில் இடம் கொடுப்பார்கள், எந்தப் பங்க்கில் பெட்ரோல் போடுவார்கள் என்று தெரிந்துகொள்ளக் கறுப்பர்களுக்குத் தனியாக ஒரு கையேடு தேவைப்பட்டது. விக்டர் கிரீன் என்ற தபால்காரர் 1936ல் தொடங்கியது; 1966-67 வரை வந்தது. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் கறுப்பர்களுக்கென்று லூயிஸ் மலையில் தனி முகாம் ஒதுக்கியிருந்தார்கள். ஸ்டைன்பெக் தன் பயணத்தின் கடைசிப் பகுதியில் நியூ ஆர்லியன்ஸில் பார்த்தது, வெள்ளையர் பள்ளிக்குள் நடந்துபோகும் ஒரு சிறு கறுப்புப் பெண்ணை நோக்கித் தாய்மார்கள் கூட்டமாக நின்று கூச்சலிட்டதை. பொது இடங்களில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1964ல் வந்தது. என் விஷயத்துக்கு வந்தால், 1961ல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஒதுக்கியிருந்த இடம் வருஷத்துக்கு நூறு. அந்த ஏற்பாட்டை மாற்றிய சட்டம் 1965 அக்டோபரில் கையெழுத்தானது. நான் வந்தது 1986ல். அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நான் இந்த ஊரில் இல்லை. இந்தத் தச்சரோடு ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்திருக்கவும் முடியாது.

அப்படியானால் 1961ல் இருந்தபடியே என்பதற்கு என்ன அர்த்தம்? அவருடைய ஞாபகம் நிஜம். அம்மா பொரித்த முட்டையை நான் ஏன் சந்தேகிக்க வேண்டும்? ஆனால் அந்த ஞாபகத்தை அச்சாக வைத்துக் கோடு போட்டால், கோட்டுக்கு வெளியே விழுகிறவன் நான். இதை அவரிடம் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கொட்டகைப் பக்கம் வரவும் இல்லை.

மூன்றாம் நாள் வந்து, தப்பிய உட்பக்கப் பலகைகளை எடுத்தார். பழைய பூச்சு என்ன என்று தெரிந்தால்தான் மேலே பூசலாம். துணியில் ஸ்பிரிட்டை நனைத்து மூலையில் தேய்த்தார். வார்னிஷ் என்றால் கரையாது. இது கரைந்து, துணியில் தேன் நிறமாக ஏறியது. ஷெல்லாக் என்றார். நம் ஊர்த் தச்சர்களின் அவலரக்கு. அரக்குப் பூச்சி பலாச மரத்திலும் இலந்தையிலும் கட்டுகிற கூட்டைச் சுரண்டி, உருக்கி, தகடாக இழுத்து உடைத்தது. உலகத்து அரக்கில் பெரும் பங்கு சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசிகள் சேகரிப்பது. ராஞ்சிக்கு அருகில் நாம்கும்மில் அதற்கென்று 1924லேயே ஆராய்ச்சி நிலையம் வைத்தார்கள். இதை அவரிடம் சொன்னபோது துணியை முகர்ந்து பார்த்தார். ஆக, மனிதர்களுக்கு வருஷத்துக்கு நூறு இடம் இருந்த காலத்தில் அரக்குக்குக் கணக்கில்லை. அவர் சிறுவனாகச் சாய்ந்து படுத்திருந்த சுவரின் பொன்னிறம் அநேகமாக அங்கிருந்து வந்தது. இதில் எனக்குப் பெருமை எதுவும் கிடையாது. சுரண்டிய கைகளுக்கும் எனக்கும் உறவு சொல்லிக்கொள்ள முடியாது. அந்த மலைக்கு அவர்களும் போயிருக்க மாட்டார்கள். சுவரில் அது இருந்தது என்பது மட்டும் உண்மை.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக விவாதித்தோம். மின்கம்பி பழைய இரட்டைக் கம்பி, எர்த் கிடையாது. முழுக்க மாற்றினோம். காஸ் குழாயை மாற்றி, கசிவையும் கார்பன் மோனாக்சைடையும் அறிவிக்கும் கருவிகளைப் பொருத்தினோம். சக்கரங்களுக்கு மின்சார பிரேக். கமான் பட்டை புதிது. ஐஸ் பெட்டியை அவர் விடவில்லை. ஐஸ்கட்டி வாங்கித்தான் வைக்க வேண்டும். எனக்குச் சம்மதம். கழுவு தொட்டியில்தான் வாதம் நீண்டது. அந்தக் காலத்து வழக்கப்படி தொட்டியின் குழாய் தரையைத் துளைத்துக் கீழே முடிகிறது. கழுவிய தண்ணீர் மண்ணில் போகும். நல்ல மனம் உள்ளவர்கள் வாளி வைப்பார்கள். நான் அடியில் ஒரு தொட்டி கட்டி அழுக்கு நீரைத் தேக்க வேண்டும் என்றேன். அப்பா வாளி வைத்தார் என்றார் அவர். வைத்திருப்பார். ஆனால் நம் அழுக்கை நாமே சுமந்து போவதை ஒருவருடைய நல்ல குணத்துக்கு விட்டுவிடக் கூடாது, அது வண்டியின் அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. முப்பது லிட்டர் கொள்கிற தொட்டியை அவரே அளவெடுத்துப் பொருத்தினார். நவீனம் என்று நான் எதையாவது சொல்வதானால் சூரிய ஒளித் தகட்டைச் சொல்ல மாட்டேன், அந்தத் தொட்டியைச் சொல்வேன்.

சட்டங்களில் கடைசியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பழைய மரம் தங்கியது. புது மரம் வெள்ளையாகவும் பழையது பழுப்பாகவும் இருக்கின்றன. ஒட்டுகள் பளிச்சென்று தெரிகின்றன. சாயம் ஏற்றிச் சமன் செய்யலாம், யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் அழகாக இருக்கும் என்றார் தச்சர். அப்புறம் அவரே வேண்டாம் என்றார். பழைய சட்டம் ஒன்றில் அந்தப் பட்டறையில் வேலை செய்த யாரோ பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு இருந்தது. கூட்டல் சரியாகவும் இருந்தது. அதன் பக்கத்துப் புது மரத்தில் அவர் வருஷத்தை மட்டும் எழுதினார். பெயர் எழுதவில்லை. மேலே தகட்டை மூடினோம்.

புதிய டேப்பை ஒட்டி, விளிம்புப் பட்டைகளைத் திருகி, பிறகு ரப்பர் குழாயால் கூரை மேல் ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டோம். அவர் வெளியே குழாயோடு, நான் உள்ளே டார்ச்சோடு. முன்பக்க ஜன்னலின் இடது மூலையில் ஒரு சொட்டு நின்றது. சத்தம் போட்டுச் சொன்னேன். அவர் குழாயை நிறுத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்தார்.