ஓராண்டு மட்டும் படித்த கல்லூரி

2009 அக்டோபரில் அமெரிக்காவில் பிஎச்.டி. படிக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். இதுவரை படித்த கல்லூரிகள் எல்லாவற்றையும் எழுதச் சொல்லியிருந்தது. பாதியில் விட்டதையும் எழுத வேண்டுமாம். அங்கேதான் கை நின்றுவிட்டது.

பி.எஸ்சி. இயற்பியல் ஒரு கல்லூரி, எம்.எஸ்சி. ஒரு பல்கலைக்கழகம். இரண்டிலும் நல்ல மதிப்பெண். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பொறியியல் கல்லூரியில் ஓராண்டு இருந்தேன். கணக்கிலும் பொறியியல் வரைபடத்திலும் அரியர். இனி என்னால் முடியாது என்று அப்பாவிடம் போனில் அழுதேன். மறுநாளே வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. டி.சி. வாங்கி, பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கூட்டிப் போனார். கட்டிய பணம் போனது போனதுதான். அதன்பின் எங்கள் வீட்டில் அந்த ஓராண்டைப் பற்றி யாரும் பேசியதே இல்லை.

"அதை எதுக்கும்மா எழுதுற? யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மாமா. நல்ல மனதோடுதான் சொன்னார். இரண்டு நாள் நானும் அப்படியே இருந்தேன். விண்ணப்பத்தின் கடைசியில், சொன்னது அத்தனையும் உண்மை என்று உறுதி கொடுக்க வேண்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம். அந்தப் பயம் இருந்தது. அதைவிட, அப்பா வாய் திறக்காமல் என்னைக் கூட்டிப் போன அந்த நாள் நடக்கவே இல்லை என்று கையெழுத்துப் போட மனம் ஒப்பவில்லை.

படித்த ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் மார்க் ஷீட்டை முத்திரையிட்ட உறையில் கேட்டிருந்தார்கள். ஐந்து வருடம் கழித்து அந்தக் கல்லூரி அலுவலகத்துப் படியேறினேன். தலைமை எழுத்தர் ஒரு அம்மா. பெயரைச் சொன்னதும், பீரோவின் அடித்தட்டிலிருந்து பெரிய ரெஜிஸ்டர் ஒன்றை இழுத்துப் போட்டு, விரலை ஈரப்படுத்தி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். என் பெயருக்கு நேரே சிவப்பு மையில் 'விலகியவர்' என்று இருந்தது. அந்தச் சிவப்பைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் பயந்திருந்தேன்.

"இப்ப என்னம்மா படிக்கிற?"

"எம்.எஸ்சி. முடிச்சிட்டேன் மேடம். பிஎச்.டி.க்கு அனுப்பணும்."

"அப்ப நல்லதுக்குத்தான் போயிருக்க" என்றார், ரெஜிஸ்டரை மூடிக்கொண்டே.

மார்க் ஷீட் ஜெராக்ஸில் முதல்வர் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டினார். மடிப்பின் மேல் பாதி, உறையின் மேல் பாதி விழும்படி முத்திரை குத்தினார். பிரித்தால் முத்திரை பொருந்தாது, அதற்காகத்தான் அப்படி. எட்டுப் பல்கலைக்கழகங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்து உறைகள். 24 உறைகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஒவ்வொரு கல்லூரியிலிருந்தும் அவர்கள் ஏன் தனித்தனியாகக் கேட்கிறார்கள் என்பது அமெரிக்கா போனபிறகுதான் விளங்கியது. இரண்டாண்டு கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு, அந்தக் கிரெடிட்டுகளோடு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது அந்த நாட்டில் சாதாரணம். மாறிப்போன இடத்து டிரான்ஸ்கிரிப்டில் பழைய பாடங்கள் கிரெடிட்டாக மட்டுமே நிற்கும்; வாங்கிய கிரேடு பெரும்பாலும் இருக்காது. அதனால் மூலத்தைக் கேட்கிறார்கள். குற்றம் கண்டுபிடிக்க அல்ல.

நாம்தான் கல்லூரி மாறியதை அவமானமாக நினைக்கிறோம். பாலிடெக்னிக் முடித்து நேராக பி.இ. இரண்டாமாண்டில் சேர்ந்த பிள்ளைகள்கூட டிப்ளமோவைச் சொல்லத் தயங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுடைய பி.இ. மதிப்பெண்கள் மூன்றாம் செமஸ்டரிலிருந்துதான் தொடங்கும். டிப்ளமோ சான்றும் உடன் இல்லாவிட்டால், விண்ணப்பத்தைப் படிப்பவர் கண்ணுக்கு நான்காண்டுப் பட்டம் மூன்றாண்டாகத் தெரியும். மறைப்பதால் நஷ்டம் அவர்களுக்குத்தான்.

என் நோக்க அறிக்கையில் அந்த ஓராண்டைப் பற்றி இரண்டே வரி எழுதினேன். பேட்டியில் ஒரு பேராசிரியர் அதைப் பற்றிக் கேட்டதும் ஒன்றுதான்: இயற்பியலுக்கு ஏன் வந்தாய்? நேரம் போவது தெரியாமல் பேசினேன். அங்கேதான் இடம் கிடைத்தது.

இப்போது அக்கா மகள் விண்ணப்பிக்கிறாள். அவளும் ஒரு கல்லூரியை விட்டு வந்தவள். இன்று பல இடங்களில் முதலில் ஸ்கேன் போட்டாலே போதும். முத்திரையிட்டதை, இடம் கிடைத்தபிறகு அனுப்பலாம். ஆனால் அவள் விட்டு வந்த கல்லூரி மூடப்பட்டுவிட்டது. டி.சி. கையில் இருக்கிறது, மார்க் ஷீட் இல்லை. அதற்காக இப்போது, அந்தக் கல்லூரி இணைந்திருந்த பல்கலைக்கழகத்துக்கு நடையாய் நடக்கிறாள்.

அதனால் படிக்கிற பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்கிறேன். ஒரே ஒரு செமஸ்டர் இருந்த கல்லூரியானாலும் சரி, அரியர் இருந்தாலும் சரி, டி.சி. வாங்கும் அன்றே மார்க் ஷீட்டையும் கேட்டு வாங்கி வாருங்கள். விண்ணப்பத்தில் அந்தக் கல்லூரியின் பெயரையும் எழுதுங்கள்.