உப்பும் எண்களும்

இலங்கையின் வடக்கே கனகராயன்குளம் போன்ற வன்னிக் கிராமங்களில், குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, கருவாடும் மோர்மிளகாயும் ஊறுகாயும் உணவு நற்காப்பின், அதாவது நுண்ணுயிர் பெருகாதபடி உணவைக் காக்கும் முறையின், செம்மையான வடிவங்களாக விளங்கின. உப்பும் வெயிலும் உணவிலுள்ள நீரைக் குறைப்பதே அதன் அடிப்படை.

இன்று ஏ9 வீதியோரக் கடைகளில் விற்கும் மென்பானங்கள் பலவற்றில் அந்த நற்காப்புப் பணியைச் செய்வது, 211 என்ற சேர்மான எண்ணால் குறிக்கப்படும் சோடியம் பென்சோயேற்று ஆகும். புளிப்பான ஊடகத்தில் மதுவத்தையும் பங்கசுகளையும் அது அடக்குகின்றது. எனினும் விற்றமின் சியுடன் சேர்ந்து வெப்பத்திலும் ஒளியிலும் நெடுநாள் இருந்தால், புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சீன் அதிலிருந்து சிறிதளவு தோன்றக்கூடும் என்பதால், வன்னி வெயிலில் போத்தல்களைக் கடைவாசலில் அடுக்கிவைக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டியதாகும்.

சொசேஜஸ் போன்ற இறைச்சி உணவுகளில் சேரும் சோடியம் நைத்திரைற்று (250), உயிர்கொல்லி நஞ்சைச் சுரக்கும் பொட்டுலினம் பற்றீரியாவைத் தடுக்கின்றது. ஆயினும் இத்தகைய பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது.

சேர்மானங்கள் யாவும் தீயன அல்ல. உப்பில் சேர்க்கப்படும் அயடீன் கழலை நோயைத் தடுக்கின்றது. ஆனால் உணவில் என்ன சேர்ந்துள்ளது என்பது நுகர்வோருக்கு எளிதில் விளங்க வேண்டும். இலங்கையில் 2016 முதல் மென்பானங்களின் சீனி அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்கள் உணர்த்துகின்றன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு. எழுத்தறியா மூதாட்டிக்கும் விளங்கும் இவ்வசதி, சிற்றெழுத்தில் அச்சிடப்படும் 211, 250 ஆகிய எண்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.