அறுநூறு ரூபாய்ப் பிரயாணம்

கையில் காசில்லாத வயதில் ஊர் சுற்றியவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. எவ்வளவு குறைவாகச் செலவு செய்தோம் என்று சொல்லிக்கொள்வதில்தான் அந்தப் பெருமை. வயது ஏற ஏறத் தொகை இன்னும் குறைந்துகொண்டே வரும். எனக்கு அந்தச் சௌகரியம் இல்லை. என் பிரயாணத்தின் கணக்கு நோட்டு மேஜை டிராயரிலேயே கிடக்கிறது. பொய் சொல்ல விடமாட்டேன் என்கிறது.

2000-ம் வருஷம், மே மாதம். கும்பகோணத்தில் கல்லூரியில் முதல் வருஷப் பரீட்சை முடிந்திருந்தது. அடுத்த வருஷத்தோடு படிப்பே முடிந்துபோனது வேறு கதை. கடலோரமாகவே தரங்கம்பாடி, புதுச்சேரி, மாமல்லபுரம் என்று போய், கடைசியில் சென்னையையும் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. அப்பா ஓர் அரிசி மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மூன்று நாள் பதில் பேசாமல் இருந்தவர், நாலாம் நாள் அறுநூறு ரூபாயும் நாற்பது பக்க நோட்டு ஒன்றும் கொடுத்தார்.

"வந்ததை எழுது, போனதை எழுது. எழுதாததெல்லாம் கடன்" என்றார்.

மாயவரம் போய், அங்கே பஸ் மாறித் தரங்கம்பாடியில் இறங்கினேன். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை மஞ்சள் வெயிலில் தனியாக நின்றது. அவர்கள் 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கொஞ்சம் தள்ளி, 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டிருந்தது. பார்த்துப் பார்த்து நின்றதில் சாப்பாட்டு நினைவே இல்லை. காலையில் தின்றது இரண்டு பன். கரையேற்றிய படகு ஒன்றின் நிழலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

பக்கத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "எந்த ஊரு தம்பி? சோறு தின்னியா?" என்று கேட்டாள். நான் சொன்ன பதில் அவளுக்கு அவசியமாக இருக்கவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறும் நெத்திலிக் குழம்பும் வைத்தாள். ஒரு வேளைக்குப் போனவன் இரண்டு ராத்திரி அவர்கள் வீட்டுத் திண்ணையில் தங்கினேன். அவளுடைய சின்னப் பையன், ஆறு ஏழு வயதிருக்கும், என் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டு தூக்கம் வரும் வரையில் கேள்வி கேட்டான். "மெட்ராஸ்லேயும் கடல் இருக்கா?" என்று அவன் கேட்டதும், இருக்கிறது என்றதும் அவனுக்கு ஏமாற்றமாகப் போனதும் நினைவிருக்கின்றன.

புறப்படும்போது பத்து ரூபாயை நீட்டினேன். "காசு வெச்சிருக்கிற மொகத்தைப் பாரு!" என்று சிரித்தாள். "ஊருக்குப் போயி ஒரு காயிதம் போடு, போதும்" என்றாள். பத்து ரூபாய் மிச்சம் என்று சந்தோஷமாக அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

புதுச்சேரியில் கடற்கரை மணலாக இல்லாமல் கருங்கல்லாகக் கிடந்தது. பாரதி 1908-லிருந்து பத்து வருஷம் வாழ்ந்த ஊர் அல்லவா? அந்த நேரான தெருக்களில் கால் வலிக்க நடந்தேன். அங்கே ராத்தங்கல் பஸ் நிலையத்தில். மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பத்தின் முன் வெகுநேரம் நின்றேன். அதில் ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது; காலடியில் எலிகள் நம்பிக்கையோடு நிற்கின்றன. அன்றிரவு ஒரு சிற்பக் கூடத்துக் காவல்காரர், கல் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, தாழ்வாரத்தில் படுக்க இடம் கொடுத்தார். விடியற்காலையில் தம்முடைய டீயில் பாதியும் கொடுத்தார்.

சென்னையில் எதற்கும் விலை உண்டு என்று தெரிந்துகொண்டேன். மூத்திரம் போகக் காசு கேட்டதை நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். ஆனால் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், எங்கள் தெருப் பையன் ஒருவனின் அறையில் மூன்று ராத்திரி வாடகையில்லாமல் தங்கினேன். இரண்டு பேருக்கான அறை. அவனோடு இருந்தவர், "மாடியில் நல்ல காற்று வருகிறது" என்று சொல்லித் தலையணையோடு மேலே போய்விடுவார். கடைசி நாள் துணி எடுக்க மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி அவர் பாய் கிடந்தது. பட்டப்பகலிலேயே கொசு மொய்த்தது. காற்று அசையவே இல்லை.

பகலெல்லாம் எழும்பூர் மியூசியம், கன்னிமாரா நூலகம், மெரினா. ஒன்பதாம் நாள் காலை வீட்டில் இருந்தேன். செலவு 512 ரூபாய். மீதி 88 ரூபாயை நோட்டின் மேல் வைத்து, பரிசு வாங்கப் போகிறவன் மாதிரி அப்பா முன்னால் நின்றேன்.

அப்பா பென்ஸிலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"தரங்கம்பாடியிலே ரெண்டு நாள் சாப்பாடு எங்கேடா?"

"ஒரு மீன்காரம்மா போட்டாங்கப்பா."

"மகாபலிபுரத்திலே படுக்கை? மெட்ராஸிலே வாடகை?"

"எல்லாம் ஓசி."

"ஓசின்னு ஒரு கணக்கு கிடையாது. நீ கொடுக்கலேன்னா வேற யாரோ கொடுத்திருக்கான்னு அர்த்தம். வரவிலே எழுது. அந்தம்மா பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன். பெயர் கேட்கத் தோன்றவில்லை. அப்பா ஒன்றும் சொல்லாமல் தாமே எழுதினார்: தரங்கம்பாடி என்று போட்டு, பெயருக்குக் கொஞ்சம் இடம் விட்டு, கடைசியில் பாக்கி என்று. காவல்காரருக்கு ஒரு வரி, மாடியில் படுத்தவருக்கு ஒரு வரி. எனக்குக் கோபமாக வந்தது. காகிதம் போடலாம் என்றால் விலாசம் எழுதவும் பெயர் வேண்டுமே! போடவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். தரங்கம்பாடி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அன்று ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். பெயர் தெரிந்திருந்தால் பத்திரிகைப் பட்டியலிலாவது தேடியிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து ஐந்நூறு ரூபாயும் அந்த நோட்டுமாகப் போனேன். திண்ணை இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. தற்காலிகக் கொட்டகைகளில் விசாரித்துக்கொண்டே போனபோது அவள் குரல் கேட்டது. அவளேதான்.

கையில் நோட்டைப் பார்த்தவுடன் எழுந்து நின்றாள். "எந்த டிரஸ்டுலேருந்து வர்றீங்க, சார்?"

நான் யார் என்று சொன்னேன். படகு, நெத்திலிக் குழம்பு, திண்ணை எல்லாம் சொன்னேன். "எத்தினியோ பேரு வருவாங்க சார், நெனப்பில்லே" என்றாள். நான் கேட்காமலே, பல பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்ட குரலில், தன் பெயர், வீட்டுக்காரர் பெயர், ரேஷன் கார்டு நம்பர் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். கடைசியில், "இழப்பு ஒண்ணு" என்றாள்.

யார் என்று கேட்கவில்லை. பையன் கண்ணில் படவில்லை.

ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "ரேகை வைக்கணுமா, சார்?" என்று நோட்டின் மேல் கட்டை விரலை நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நோட்டில், அப்பா விட்டிருந்த இடத்தில் எழுதிக்கொண்டேன். கீழே ஐந்நூறு ரூபாயையும் எழுதி, ஊருக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன்.

அப்பா இப்போது இல்லை. அன்று அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பென்ஸிலைக்கூட எடுத்தார். ஆனால், பாக்கி என்ற வார்த்தையை அடிக்காமலே நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டார்.