மூன்றாவது மாத்திரை

நான் டி.பார்ம் படித்தவன். கொல்லிமலையில் மெடிக்கல் கடை வைத்திருந்த காலத்தில் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல், ஒரே ஆட்களுக்கு மாதக்கணக்கில் கொடுத்தேன். அது ஸ்டீராய்டு என்று தெரிந்தே கொடுத்தேன். அட்டையிலிருந்து பிரித்து, வலி மாத்திரை, வயிற்று மாத்திரையோடு சேர்த்துப் பேப்பரில் மடித்து ‘செட்’டாகக் கொடுத்ததால், எதை விழுங்குகிறோம் என்பது வாங்கியவர்களுக்குத் தெரியாது.

எல்லாம் சிக்குன்குனியாவுக்குப் பிறகு வந்த மூட்டு வலிக்குத்தான். 1964-லேயே சென்னையையும் வேலூரையும் ஆட்டிய காய்ச்சல் அது. நடுவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நாட்டில் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்து, 2006-ல் இந்தியாவில் 13 லட்சத்துக்கும் அதிகமானோரைப் பிடித்ததாக அரசுக் கணக்கு. காய்ச்சல் சில நாளில் விட்டுவிடும். வலி விடாது. பலருக்குச் சில வாரத்தில் தணியும். சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள்கூட நீளும். நாற்பதைத் தாண்டியவர்களும் பெண்களும்தான் அதிகம் அவதிப்படுவார்கள். விரல், மணிக்கட்டு, கணுக்கால் என்று பிடிக்கிற நோய் அது. அரிவாள் பிடித்துச் சாமை அறுக்கிற கைக்கும், ஏணியில் ஏறி மிளகு பறிக்கிற காலுக்கும் அது என்ன செய்யும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சேலத்தில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் காய்ச்சல் கண்டு திரும்பிய ஓர் அம்மா, “காலையில விரலே விரிய மாட்டேங்குது தம்பி” என்று வந்தார். செட் கொடுத்தேன். அடுத்த சோளக்காடு சந்தைக்குப் பலாப்பழத்தோடு வந்து என்னைக் கைராசிக்காரன் என்றார். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துப்போனது. மூன்று மாதம் தாண்டியும் வலி இருந்தால் மூட்டு மருத்துவரிடம் போக வேண்டும், ரத்தம் சோதித்து, முடக்குவாதமா என்று பார்த்து, தேவைப்பட்டால் அவர் மேற்பார்வையில் மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்து எடுக்கலாம் என்பது தெரியும். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கமல்ல. வியாபாரம், அதைவிட அந்தப் பெயர்.

அந்த அம்மாவின் முகம் உப்பி வட்டமானது. அது மாத்திரையின் வேலை என்று அறிந்தவன் நான். “சதை போட்டு நல்லா இருக்கீங்கம்மா” என்றேன். இதை எழுதக் கை கூசுகிறது.

பிறகு மருந்து ஆய்வாளர்கள் வருவதாகப் பேச்சு அடிபட்டது. பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தினேன். வெளியிலிருந்து ஸ்டீராய்டு மாதக்கணக்கில் வந்தால், சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதனால் அளவைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். அதுவும் படித்ததே. அந்த அம்மா வாந்தியும் மயக்கமுமாகச் சுருண்டு விழ, ஜீப்பில் கீழே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். மகன் என்னிடம் ஓடி வந்தார். வலி மாத்திரையின் பெயரையும் வயிற்று மாத்திரையின் பெயரையும் சொன்னேன். மூன்றாவதைச் சொல்லவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அந்த அம்மா பிழைத்தது அந்த மருத்துவமனையால். நான் மறைத்த நேரத்தில் அவர் போயிருந்தால் அது என் கையால் நடந்த சாவு.

இப்போது அவருக்குச் சர்க்கரையும் இருக்கிறது, விரல் வலியும் போகவில்லை. ஏன் விழுந்தார் என்று அவரிடம் நேரில் நான் இன்னும் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டேன், அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

என்னிடமோ வேறு எங்கோ இப்படிப் பொட்டலத்தில் வாங்கித் தொடர்ந்து விழுங்குகிறவர்கள் இதைப் படித்த பயத்தில் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம். மீதமிருக்கும் மாத்திரைகளை அப்படியே எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்.