ராசியின் பெயரால் ஒரு தண்டனை

லூப்பஸ் என்னும் நோய் கண்டவர்களில் பத்துப் பேருக்கு ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பிள்ளை பெறும் வயதினரே அதிகம். மூட்டு வலி, தீராத களைப்பு, முடி உதிர்தல், வெயில் பட்டால் முகத்தில் சிவப்பு என்று ஒவ்வொன்றாக வரும். வீட்டிலுள்ளோர் அதனைச் சோம்பல் என்பார்கள்.

நான் சமூகவியல் படித்தவள்; வைத்தியம் படித்தவளல்ல. ஆனால் சமூக சேவைப் பணியில் வீடு வீடாகச் செல்லும்போது, நோயைவிட அதற்குச் சொல்லப்படும் காரணம் பெண்ணை அதிகம் வதைப்பதைக் கண்டிருக்கிறேன்.

ஒரு வீட்டில் இளம்பெண் ஒருத்திக்கு மூன்று தடவை கரு தங்கவில்லை. "ராசியில்லாதவள் பிள்ளை. என்ர மகன்ர வாழ்க்கையும் போச்சு" என்றார் மாமியார், அவள் முன்னிலையிலேயே. மகனுக்கு மறுமணப் பேச்சும் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் செய்த இரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொன்னது.

கிருமிகளை அழிக்க நம் உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்குகிறது. லூப்பஸில் அவை வழிதவறிச் சொந்த உடலையே தாக்குகின்றன. அவற்றில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு இலக்கு. டி.என்.ஏ.க்கு எதிரானவை கூடினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். 'ரோ' எனப்படும் வகை உள்ள தாயின் குழந்தைக்கு, நூற்றில் ஓரிருவருக்கு, கருவிலேயே இதயத் துடிப்புக் குறையலாம். பொஸ்போலிப்பிட்டுக்கு எதிரானவை இரத்தத்தை எளிதில் உறைய வைக்கும். காலில் உறைந்தால் வீக்கம், மூளையில் உறைந்தால் பாரிசவாதம். கருப்பையில் வளரும் சிசுவுக்கும் கேடு விளையும். இவ்வகை பற்றி 1983இல் கிரஹாம் ஹியூஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் விரிவாக எழுதினார்.

அந்தப் பெண்ணின் இரத்தத்தில் இருந்தது இந்தக் கடைசி வகை. பன்னிரண்டு வாரங்களின் பின் மறுபடி பரிசோதித்து உறுதிப்படுத்தினார்கள். கணவனையும் மாமியாரையும் அழைத்துச் சென்று வைத்தியரின் விளக்கத்தைக் கேட்க வைத்தேன். கர்ப்ப காலத்தில் குறைந்த அளவு அஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்தால் பலருக்குப் பிள்ளை தங்குகிறது என்றார் அவர்.

"அப்ப, இது இரத்தத்தில உள்ள வருத்தமோ?" என்று மட்டும் கேட்டார் மாமியார். மறுமணப் பேச்சு அத்துடன் நின்றது. அவள் இன்னும் சிகிச்சையில் இருக்கிறாள்.

சகோதரிகளே, ஒன்றை மறவாதீர்கள். ஏ.என்.ஏ. பரிசோதனை லூப்பஸ் நோயாளர் ஏறக்குறைய அனைவரிலும் நேராக வரும். நோயற்ற சிலரிலும் வரும். ஆகவே அறிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். கரு பலமுறை கலைந்திருந்தால் காரணத்தைக் கேளுங்கள். இரத்தம் உறையும் தன்மை உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுக்கக் கூடாது. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டார் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள். காரணத்தை அவர்களும் காதால் கேட்கட்டும்.