மாற்றுத்தொகை இல்லாத ஆட்டக்காரர்

ஆங்கிலத்தின் ‘ஃப்ரீ’ என்னும் சொல்லைத் தமிழில் ‘இலவசம்’ என்றும் சொல்லலாம், ‘கட்டற்ற’ என்றும் சொல்லலாம். ஒப்பந்தம் முடிந்த கால்பந்து ஆட்டக்காரரை ‘ஃப்ரீ ஏஜென்ட்’ என்று அழைக்கையில் இவ்விரு பொருளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. கட்டற்றவர் ஆட்டக்காரரே. அவர் இலவசமாகக் கிடைத்தார் என்று மகிழ்வது கிளப். இந்தப் பொருள்மயக்கத்தில் பெருந்தொகைகள் கரைந்திருக்கின்றன.

இந்நிலைக்கு வித்திட்டவர் ழான்-மார்க் போஸ்மன் என்னும் பெல்ஜிய ஆட்டக்காரர். 1990இல் லியேஜ் கிளப்பில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. கிளப் முன்வைத்த புதிய ஊதியம் பழையதில் நான்கில் ஒரு பங்கு. பிரான்சின் டன்கிர்க் அணிக்குச் செல்லவும் வழி அடைபட்டது. ஒப்பந்தம் முடிந்த பின்னரும் மாற்றுத்தொகை கேட்பது, தொழிலாளர் உறுப்பு நாடுகளுக்கிடையே தடையின்றி இடம்பெயரும் உரிமைக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1995 டிசம்பர் 15 அன்று தீர்ப்பளித்தது. தடையின்மைச் சான்றுக்காகப் பழைய நிறுவனத்தின் அலுவலக வாசலில் காத்துநிற்கும் நம் நாட்டு ஆய்வாளர் எவருக்கும் இவ்வழக்கின் சாரம் எளிதில் விளங்கும்.

தீர்ப்பு மாற்றுத்தொகையை நீக்கியது. அப்பணத்தை மறையச் செய்யவில்லை. முன்பு பழைய கிளப்புக்குச் சென்றதில் ஒரு பகுதி, இன்று கையெழுத்துத் தொகையாகவும் உயர்ந்த ஊதியமாகவும் முகவரின் கட்டணமாகவும் உருமாறுகிறது. ஆட்டக்காரரின் உழைப்புக்குரிய பணம் அவரிடமே சேர்வது நியாயம்தான். ஆனால் கிளப்பின் நிலை வேறு. வாங்கிய ஆட்டக்காரர் சோபிக்காவிட்டால் விற்றுச் சிறிதளவேனும் மீட்கலாம். ஊதியம் மிகுந்த ஆட்டக்காரர் தளர்ந்துவிட்டாலோ அவரை ஏற்க எவரும் முன்வருவதில்லை. 2019இல் ஆர்சனலிலிருந்து மாற்றுத்தொகையின்றி யுவென்டஸ் சேர்ந்த ஆரன் ராம்சியை 2022இல் ஒப்பந்தத்தை முறித்தே அக்கிளப் விடுவிக்க நேர்ந்தது.

இவ்வழக்கத்தின் இரு முகங்களையும் ஒருவரது வாழ்விலேயே காணலாம். 2012இல் பத்தொன்பது வயதுப் பால் போக்பா, மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒப்பந்தம் முடிந்து யுவென்டஸ் சென்றார். இளம் ஆட்டக்காரர் என்பதால் பயிற்சிக்கான சிறு இழப்பீடு மட்டுமே கைமாறியது. நான்கு பருவங்களில் நான்கு இத்தாலியப் பட்டங்கள். 2016இல் அதே யுனைடெட் ஏறத்தாழ 10.5 கோடி யூரோ கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. அன்றைய உலகச் சாதனை விலை அது. கிளப்பின் கணக்கேட்டில் ஆட்டக்காரரின் மதிப்பு என்பது கொடுத்த மாற்றுத்தொகையில் இன்னும் கழிக்கப்படாத பகுதியே. ஆகவே யுவென்டஸுக்கு வந்த தொகையில் முகவரின் பங்கு முதலியன போக எஞ்சியது ஏறக்குறைய முழுவதும் இலாபம். இந்த ஒரு பேரத்தை நினைத்தே பல நிர்வாகிகள் இன்றும் ஒப்பந்தம் முடியப்போகும் ஆட்டக்காரர்களின் பட்டியலைப் புரட்டுகிறார்கள் போலும்.

2022இல் போக்பாவின் ஒப்பந்தம் மீண்டும் முடிந்தது. யுனைடெட்டுக்கு ஒரு காசும் கிட்டவில்லை. மாற்றுத்தொகையின்றி அவர் யுவென்டஸ் திரும்பியபோது கிளப் நம்பியது பழைய போக்பாவை. வந்தவரோ இருபத்தொன்பது வயதுக்காரர். பருவம் தொடங்குமுன்பே முழங்காலில் காயம். கத்தார் உலகக் கோப்பையில் ஆடும் ஆசையில் அறுவைச் சிகிச்சையை முதலில் தவிர்த்தார். பின் செப்டம்பரில் செய்துகொண்டார், உலகக் கோப்பையும் கைநழுவியது. அப்பருவத்தில் ஒரேயொரு லீக் ஆட்டத்தில்தான் தொடக்க அணியில் இடம்பெற்றார். அதிலும் காயமுற்று அரைமணி நேரத்துக்குள் வெளியேறினார். 2023 ஆகஸ்டில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். நான்காண்டுத் தடை மேல்முறையீட்டில் பதினெட்டு மாதமாகக் குறைந்தது. ஆயினும் தடைக்காலம் முடியுமுன்பே, 2024 நவம்பரில், யுவென்டஸும் அவரும் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டனர்.

2025 ஜூனில் மொனாக்கோ கிளப் அவரை ஈராண்டு ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டது. அம்முறையும் மாற்றுத்தொகை இல்லை.