நாம் ஆசைப்பட்டு மாட்டிய சக்கரம்

தாராவி 90 அடி ரோட்டில் சாயங்கால நேரம் நின்று பார்த்தால், கம்பிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு அலாய் சக்கரம் போட்ட வண்டிகள் வரிசையாகப் போகும். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். கம்பிச் சக்கரத்துக்குள் ட்யூப் இருக்கிறது. மழைக்காலத்தில் சயான் மேம்பாலத்தில் ஆணி குத்தினால் காற்று சட்டென்று இறங்கிவிடும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். அலாயில் ட்யூப்லெஸ் டயர் போட்டால் காற்று மெல்லத்தான் இறங்கும், சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் போட்டுவிடலாம். இந்த வசதிக்காக மாற்றுவது நியாயம். சக்கரத்தோடு அதன் அளவையும் மாற்றும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

என் தங்கை மகனிடம் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது, 2021 செப்டம்பரில் வெளிவந்த புது மாடல். முன்னால் 19 அங்குலம், பின்னால் 18 அங்குலம். அவனுக்கோ ஹண்டர் 350-இன் சக்கரத்தின்மேல் கண். அது 2022 ஆகஸ்டில் வந்த வண்டி. அதன் அலாய் மாடலில் இரண்டு பக்கமும் 17 அங்குலம். “ஒரே கம்பெனி, ஒரே இன்ஜின், பொருந்தாம எப்படி மாமா போகும்?” என்றான். குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஜோடி வாங்கினான். ஸ்பேசர், புஷ் எல்லாம் சரிக்கட்டி மாட்டியும் விட்டார்கள்.

பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அவனிடம் சொன்னேன். இருபது சொச்சம் வயதில் யார் காதில் அது ஏறும்?

கோளாறின் முதல் அடையாளம் வண்டி நிற்கும்போதே தெரிந்தது. சைடு ஸ்டாண்டு போட்டால் சாயாமல் நெட்டுக்குத்தாக நின்றது. காற்றடித்தால் மறுபக்கம் விழும்போல் இருந்தது. பிறகு செம்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில், ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேயில் 60-ஐத் தாண்டினால் ஹேண்டில் லேசாகிவிடுகிறது என்றான். கான்கிரீட் ரோட்டின் இணைப்புகளில் ஏறும்போது ஒரு உதறல். “வண்டி நேராப் போக மாட்டேங்கு மாமா.”

அவன் சும்மா இருக்கவில்லை. ஹேண்டில் பேரிங்கான கோன் செட்டை இறுக்கினான். பிறகு புதிதே போட்டான். ஃபோர்க் ஆயில் மாற்றினான். டயரில் காற்றைக் கூட்டினான், குறைத்தான். பின்பக்க ஷாக் அப்சார்பரைத் திருகிப் பார்த்தான். மாநகராட்சி ரோட்டைத் திட்டினான், மெக்கானிக்கைத் திட்டினான். இவற்றில் சில பார்க்க வேண்டியவைதான். கோன் செட் தளர்ந்தாலும் ஹேண்டில் ஆடும், ரிம்மில் கோட்டம் இருந்தாலும் ஆடும். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இல்லையென்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பக்கவாட்டில் ஒரு நூலைப் பிடித்தால் அது தெரிந்துவிடும். எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஆட்டம் போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். பழைய முன் டயர் 100/90-19. அதன் மொத்த விட்டம் ஏறத்தாழ 663 மில்லிமீட்டர். புதிய 110/70-17 டயரின் விட்டம் 586. அதாவது முன் ஆக்ஸில் 38 மி.மீ. கீழே இறங்கிவிட்டது. பின்னால் 120/80-18 இருந்த இடத்தில் 140/70-17 வந்ததில் இறக்கம் 11 மி.மீ. மட்டுமே. வண்டி மூக்கு கவிழ்ந்து நின்றது எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, கணக்கில் தெரிந்தது. ஃபோர்க்கின் சாய்வு ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிமிர்ந்துவிட்டது.

ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டிப் பாருங்கள். டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் அது போய் முட்டும். அந்த இடைவெளியை ட்ரெயில் என்கிறார்கள். வண்டி ஓடும்போது முன்சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. இந்த மாதிரி வண்டிகளில் அது பத்து செ.மீ. அளவில் இருக்கும். 26 டிகிரி சாய்வு என்று வைத்துக் கணக்குப் போட்டால், சக்கரம் சிறுத்ததாலும் மூக்கு கவிழ்ந்ததாலும் சேர்ந்து ஏறத்தாழ இரண்டரை செ.மீ. போய்விட்டது. நாலில் ஒரு பங்கு! கோன் செட்டை எத்தனை தடவை இறுக்கினாலும் அது திரும்பி வராது.

இங்கிலாந்தில் டேவிட் ஜோன்ஸ் என்றொரு வேதியியலாளர் இருந்தார். ஓட்டவே முடியாத சைக்கிளைச் செய்து காட்டுகிறேன் என்று இறங்கி, ஒவ்வொரு அம்சமாக மாற்றி ஓட்டிப் பார்த்து, 1970-இல் ‘ஃபிசிக்ஸ் டுடே’ இதழில் எழுதினார். சக்கரத்தின் சுழல் விசையை இன்னொரு சக்கரத்தால் ரத்து செய்தார். அப்போதும் ஓட்ட முடிந்தது. முன்சக்கரத்தை நாலு அங்குலம் முன்னால் தள்ளி ட்ரெயிலைக் கெடுத்தபோதுதான் சைக்கிள் முரண்டு பிடித்தது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்த அந்தப் பொறுமையின்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஹண்டரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. 17 அங்குலச் சக்கரம் போட வேண்டும் என்று முடிவானதும் கம்பெனிக்காரர்கள் கிளாசிக்கை எடுத்துச் சின்னச் சக்கரம் மாட்டி அனுப்பிவிடவில்லை. ஃப்ரேமின் அளவுகளைத் திருத்தினார்கள். கிளாசிக்கில் 1390 மி.மீ. இருந்த சக்கர இடைவெளி ஹண்டரில் 1370 ஆனது. எடையும் 195 கிலோவிலிருந்து 181 ஆகக் குறைந்தது. அந்தச் சக்கரம் அந்த ஃப்ரேமோடு சேர்த்து யோசிக்கப்பட்டது. பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏ.பி.எஸ்.கூட அப்படித்தான். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புது பைக்குக்கும் அது கட்டாயம். சக்கரம் சுழலும் வேகத்தைப் படித்துத்தான் அது பிரேக்கை விடுவதா பிடிப்பதா என்று முடிவெடுக்கிறது. முன்னால் ஒரு அளவிலும் பின்னால் இன்னொரு அளவிலும் சக்கரம் சிறுத்துவிட்டால் அதற்குப் போகும் கணக்கே மாறிவிடுகிறது.

என் மனதை உறுத்தியது வேறு. அவன் படித்தவன், கெட்டிக்காரன். வண்டியில் எல்லாவற்றையும் சந்தேகித்தவன் சக்கரத்தை மட்டும் ஏன் விட்டுவிட்டான்? ஆட்டம் வந்ததே சக்கரம் மாட்டிய வாரத்தில். அவன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஆசைப்பட்டு வாங்கியது அது. அதைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவனுக்கு மனம் வரவில்லை.

இதை மனிதர்களிடமும் பார்த்திருக்கிறேன். எங்கள் சந்தில் ஒரு குடும்பம். பத்துக்குப் பதினைந்து அறையில் ஆறு பேர். அந்த மனிதர் பல வருஷம் சீட்டுக் கட்டி, கல்யாண் பக்கம் சொந்த ஃபிளாட் வாங்கிப் போனார். போன பிறகு வீட்டில் தினமும் சண்டை. மனைவிக்குக் கோபம் அதிகமாகிவிட்டது என்றார். ரயில் கூட்டம் உயிரை வாங்குகிறது என்றார். பையனின் பள்ளிக்கூடம் சரியில்லை என்றார். அந்த அம்மா தாராவியில் விடியற்காலையில் இட்லி சுட்டு விற்றவர். கையில் சொந்தக் காசு இருந்தது, வாசலில் பேச்சுக்கு ஆள் இருந்தது. நாலாவது மாடியில் இரண்டும் இல்லை. அந்த மனிதருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் வாழ்நாள் கனவான அந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. சொன்ன பிறகு வழி எளிதாகவே கிடைத்தது. ஃபிளாட்டை வாடகைக்கு விட்டு, சயானில் வாடகைக்கு வந்தார்கள். அந்த அம்மா மறுபடி இட்லி போடுகிறார். ஃபிளாட் அவர்களுடையதாகவேதான் இருக்கிறது.

தங்கை மகனுக்கும் அலாய் ஆசையை விட வேண்டிய அவசியம் வரவில்லை. கிளாசிக்கிலேயே சில மாடல்களுக்குக் கம்பெனி அலாய் வருகிறது, அதே 19-ம் 18-ம், ட்யூப்லெஸ் டயரோடு. விசாரித்து வாங்கினான். 17 அங்குல ஜோடியை, அது சேர வேண்டிய இடமான ஒரு ஹண்டர்காரருக்கு விற்றான். கொஞ்சம் நஷ்டம்தான். இப்போது சைடு ஸ்டாண்டில் வண்டி சரியாகச் சாய்கிறது, ஹைவேயில் ஹேண்டில் உதறவில்லை. சின்னச் சக்கரத்தில் வண்டி இன்னும் எடுப்பாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறான். இருந்தது, உண்மைதான்.